குட்டி, இடது

எழுதி வெகுநேரமாகியும் அந்த எலும்பில் மை காயவே இல்லை.

அது எழுபத்தோராம் வருஷம். மாரண்டஹள்ளிக்கு அருகே ஒரு மேட்டில் தோண்டி எடுத்த, மூவாயிரம் வருஷம் பழைய எலும்புகளை ஆடு, மாடு, மான் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் கறுப்பு மையால் குறித்து வைப்பதுதான் அப்துல் ரஷீதின் வேலை. பிறந்தது கசாப்புக்கடைக் குடும்பம். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே என்ன எலும்பு என்று சொல்லிவிடுவான், அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அப்படித் தடவித்தான் இந்தக் கணுக்கால் எலும்பை ஆட்டுக்குட்டி என்று முடிவுகட்டி, 'குட்டி, இடது' என்று எழுதியிருந்தான். தகரக் கொட்டகையில் எப்போதும் புழுதி வாடைதான் இருக்கும். அன்று பச்சைக் கறி வாடை அடித்தது.

அடுத்திருந்த வாடகை வீட்டுக்குப் போனபோது, போன வாரம் கீழ்வரிசை முன்பல் விழுந்த ஆறு வயது மகள் அக்தர், இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள். சுளுக்கு என்று நினைத்தான். மறுநாள் அதே குழியிலிருந்து வந்த சின்ன முழங்கால் எலும்பிலும் அப்படியே எழுதினான். மாலையில் அவளால் நிற்க முடியவில்லை. பாலக்கோட்டு டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

மனைவி ஷகிலா மெதுவாகச் சொன்னாள். "என்னங்க, குட்டி காலுல எலும்பே தட்டுப்படலைங்க."

குட்டி. அவள் மகளை அப்படித்தான் கூப்பிடுவாள்.

கொட்டகைக்கு ஓடினான். அந்தக் கணுக்கால் எலும்பை ஜன்னலோரம் கொண்டுபோய், முதல்முறையாகக் கண்ணைத் திறந்து பார்த்தான். ஆட்டுக்கு இரண்டு முனையிலும் பள்ளம் இருக்கும். இதில் ஒரு முனை உருண்டையாக இருந்தது. மனிதக் குழந்தை.

எழுத்தை அழித்துவிட்டால் போதும், மகள் எழுந்து நடந்துவிடுவாள். தண்ணீரில் தேய்த்தான். மண்ணெண்ணெயில் தேய்த்தான். மை போகவில்லை. கத்தியை எடுத்துச் சுரண்டினான்.

வீட்டிலிருந்து அக்தர் அலறினாள்.

நிறுத்தினான். அலறல் நின்றது. மறுபடி ஒரு கீறல். மறுபடி அலறல். "யா அல்லா, நான் தெரியாம எழுதிட்டேன்," என்று அழுதான். கத்தி கீழே விழுந்தது.

அப்போதுதான் மேசைமேல் இருந்த தட்டு கண்ணில் பட்டது. காலையில் காலியாக இருந்த தட்டு. இப்போது நிறைய எலும்புகள். சின்னச் சின்னதாக. எல்லாம் ஈரம். எல்லாவற்றிலும் குட்டி, குட்டி, குட்டி. அவன் கையெழுத்து.

வீட்டில் சத்தமே இல்லை.

குவியலின் மேலே ஒரு கீழ்த்தாடை. முன்வரிசையில் ஒரே ஒரு பல் இல்லை.