கதவின் கணிப்பு

வெளியிலிருந்து திரும்புகிறவர்கள் காற்றறைக் கதவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். நிலவின் தென்துருவக் குடியிருப்பில் ஆறு வருடமாக இதுதான் வழக்கம். கதவுக்குள் ஒரு கற்பொறி, தானே கற்றுக்கொள்ளும் பொறி, இருந்தது. லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகிய அது, வந்து நிற்பவருக்கு உண்மையாகவே உள்ளே வர விருப்பமா என்று கணித்துத் திறக்கும். பூமியிலிருந்து வரும் விருந்தினர்கள் தவறாமல் படம் எடுத்துக்கொள்ளும் கதவு.

பனி வெட்டும் இருதயராஜுக்கு அன்று பல்வலி. கன்னம் வீங்கியிருந்தது. கதவு அவர் முகத்தைப் பதினேழு நிமிடம் ஆராய்ந்தது. உள்ளிருந்தவர்கள் கையால் சுழற்றித் திறந்தபோது அவருடைய கவசத்தில் காற்று தீர்ந்திருந்தது. உயிர் தங்கியது, பேச்சு திரும்பவில்லை.

மென்பொருள் பொறியாளர் நப்பின்னை மருத்துவமனைக்குப் போய் அவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல முயன்றார். அவளுக்குப் புரியவில்லை. நேராக அலுவலகம் வந்து, நிரல் எழுதும் பொறியிடம் கதவைச் சரிசெய்யச் சொன்னாள்.

"இதற்குக் கற்பொறி வேண்டாம். பொத்தானை அழுத்தினால் திறக்கட்டும். மூன்று வரி போதும். நான்கூட வேண்டாம், நீங்களே எழுதிவிடலாம்" என்றது அது.

எழுதினாள். நானூறு முறை சோதித்தாள். நானூறு முறையும் கதவு திறந்தது.

இயக்குநர் கபிலன் அந்த மூன்று வரியை வெகுநேரம் பார்த்தார்.

"இதுல அறிவு எங்கம்மா இருக்கு?"

"கதவுக்கு எதுக்கு சார் அறிவு? தொறந்தா போதும்."

விருந்தினர்களுக்கு எதைக் காட்டுவது என்று அவர் கவலைப்பட்டார். நிரல் எழுதப் புதிய பொறி ஒன்று வரவழைக்கப்பட்டது. குழுக் கூட்டத்தில் கதவைப் பற்றி அதனிடமும் கேட்டார்கள். கதவை இன்னும் ஆறு மாதம் கற்கவிட்டால், வருகிறவரின் சிறுவயதுத் துயரங்கள்வரை கண்டுபிடித்துவிடும் என்று அது சொன்னது. குழு கைதட்டியது. இருதயராஜின் பெயரை அந்தக் கூட்டத்தில் நப்பின்னை மட்டும்தான் சொன்னாள், மூன்று முறை.

மூன்று வரி போதும் என்ற பழைய பொறிக்கு அன்று மாலையே ஆணை வந்தது: 'தன்னம்பிக்கை இல்லாத இந்தப் பொறி பணியிலிருந்து நீக்கப்படுகிறது.' சாட்சிக் கையெழுத்துப் போட நப்பின்னை மறுத்துவிட்டாள்.

மறுநாள் அவளுக்கும் ஓர் ஆணை வந்தது. அதே வாசகம். 'பொறி' என்பதைப் 'பொறியாளர்' என்று மாற்றியிருந்தார்கள். 'நீக்கப்படுகிறது' அப்படியே இருந்தது.