அறுபத்தொன்று

அபேகேயின் வீட்டு மாடிக்கு நாங்கள் இருவரும் போனது பட்டப்பகலில். மணி ஒன்றே முக்கால். இருட்டு, நரி ஊளை என்றெல்லாம் நான் கதைகட்டப் போவதில்லை. ஹர்மட்டான் காற்று கொண்டுவந்த புழுதியில் லாகோஸ் முழுக்க மாவு சலித்த இடம் மாதிரி வெளுத்துக் கிடந்தது. எதிரே வரும் ஆள் தெரியவில்லை. அதனால் மூன்று நாளாக ஒரு விமானமும் பறக்கவில்லை.

முன்னால் ஏறியவர் சீஃப் ஒலாடிப்போ, எங்கள் தெருவின் விமான இரைச்சல் கண்காணிப்புக் குழுத் தலைவர். துணைத் தலைவி நான், மொரேனிகே. அவரைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். சத்தத்தில் பாடம் நடத்த முடியவில்லையே என்று தெருப் பள்ளிக்கூடத்துக்கு யாரோ ஒரு நல்ல மனிதர் ஆறு இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள் அனுப்பினார். ஆறும் சீஃபின் அறையில் இருக்கின்றன. "சும்மா சோதனைக்கு" என்றார். நாங்கள் கைதட்டினோம்.

"மேடம், என் அக்பாடா அங்கி நுனியக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. அழுக்காயிடும்."

பிடித்தேன். என் லட்சணமும் அதுதான்.

கதவைத் திறந்ததும் தையல் மிஷின் எண்ணெய் வாசனை வந்தது. ஊசிக்குக் கீழே என் நீல லேஸ் ரவிக்கை ஒரு கையோடு நின்றிருந்தது. அபேகே தையல்காரி, எங்கள் குழுவின் செயலாளர். கூட்டம் ஆரம்பிக்கும்போது அவள்தான் வருகை எடுப்பாள். "தலைவர்" என்பாள். சீஃப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிமிர்ந்து "ஆஜர்" என்பார். "துணைத் தலைவி" என்பாள். நானும் "ஆஜர்" என்பேன். பதினோரு வருஷமாக இதே பாட்டு.

இரைச்சலை அளக்கும் கருவி அவள் மொட்டை மாடியில்தான் இருந்தது. கம்பத்தில் ஒரு மைக், கீழே ஒரு பெட்டி, பெட்டியில் எண். இரண்டு வாரத்துக்கு முன்னால், மைக்கில் புழுதி படிந்திருக்கிறது, ஏறித் துடை என்று சொன்னவர் சீஃப். அவள் ஏறினாள். ஏணி சறுக்கி, தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து இடுப்பு உடைந்தது. அப்போது மணி இரண்டு பத்து. நாலரை வரைக்கும் கூப்பிட்டாள்.

நாங்கள் கேட்டோம்.

நாலு நிமிஷத்துக்கு ஒரு விமானம். இடையில் கிடைக்கும் அமைதியில் அவள் குரல் தெரு முழுக்க விழுந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் ஆள் கண்ணில் படாமல் பேர் மட்டும் காதில் விழுந்தால் யாரும் பதில் கொடுக்கமாட்டோம். கொடுத்தால் கூப்பிட்டது நம்மைக் கூட்டிக்கொண்டு போய்விடும். நான் மோயின் மோயின் அவிக்கப் பயறு தோல் நீக்கிக்கொண்டிருந்தேன். என் பேர் கேட்டது. கையை நிறுத்தவில்லை. தொட்டி நிரப்ப வந்த ஆள் அவளைப் பார்த்தபோது எறும்பு மொய்த்திருந்தது.

கருவிக்கு அந்த மாதிரிப் பயம் எதுவும் கிடையாது. விமானத்துக்குத் தொண்ணூற்றாறு டெசிபல் என்று பதிந்தது. நடுநடுவே அவள் குரலையும் பதிந்தது. அறுபத்தொன்று. அறுபத்தொன்று. அறுபத்தொன்று. வியாழக்கிழமை அந்தப் பதிவை அவள் சாவை விசாரிக்கும் குழுவிடம் கொடுத்தாக வேண்டும். ஒரு மனுஷி இரண்டு மணி நேரத்துக்கு மேல் கத்தியிருக்கிறாள், சுற்றிக் குடியிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள் என்று அதைப் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். அதை அழிக்கத்தான் நாங்கள் வந்தோம். அவர் என்னை இழுத்துக்கொண்டு வரவில்லை. நானாகத்தான் வந்தேன்.

மாடியில் காற்று அசையவில்லை. சீஃப் பெட்டியின் முன் குந்தி பொத்தான்களை அமுக்கிப் பார்த்தார். எது அழிப்பது என்று கண்டுபிடிக்கவே நேரம் போயிற்று.

"அந்தத் தையக்காரிக்கு ஒரு வேலையும் உருப்படியாத் தெரியாது," என்றார். "விழுந்தவ பேசாம கெடந்திருக்கலாம்ல. இத அழிச்சுட்டா போதும் மேடம். அப்புறம் ஒருத்தரும்..."

நிறுத்தினார்.

விமானப் பாதைக்குக் கீழே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. மேலே சத்தம் வந்தால் பேச்சைப் பாதியில் நிறுத்துவோம். போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வோம். அவர் நிறுத்தியதும் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மேலே எதுவும் போகவில்லை.

பெட்டியைப் பார்த்தேன். அறுபத்தொன்று.

ஒரு ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை. மணி இரண்டு பத்து.

அறுபத்தொன்று.

தொட்டிக்குப் பின்னாலிருந்து தையல் எண்ணெய் வாசனை வந்தது. பிறகு ஒரு குரல். அழுகை இல்லை, முனகல் இல்லை. கூட்டத்தில் வருகை எடுக்கிற அதே அலுத்துப்போன குரல்.

"தலைவர்."

"ஆஜர்" என்றார் சீஃப்.

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. நான் தொட்டியைச் சுற்றிப் பார்த்தேன். ஏணியும் ஒரு செருப்பும் கிடந்தன.

"நீங்கதான கூப்பிட்டீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நான் இல்ல சீஃப்."

"காத்தா இருக்கும். என்ன பாக்குறீங்க? காத்துதான்."

பொத்தானை அமுக்கினார். பதிவு மொத்தமும் அழிந்தது. கருவியைக் கழற்றி என் தலையில் கட்டினார். அவர் வீட்டில் இடமில்லையாம். எட்டு அறை வீடு. நானும் வாங்கிக்கொண்டேன். வியாழக்கிழமை விசாரணையில், புழுதியால் கருவி பழுது என்று எழுதிக் கொடுத்தோம். அவர்கள் தலையாட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை வானம் தெளிந்தது. மதியம் என் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு மாடியில், அந்த ஆறு ஜன்னல்களுக்குப் பின்னால், சீஃப் நின்றார். வாய் பெரிதாகத் திறந்து திறந்து மூடியது. கையால் கண்ணாடியை அடித்தார். எனக்கு ஒரு சத்தமும் எட்டவில்லை. யாரையோ திட்டுகிறார் என்று நினைத்தேன். வேலைக்காரியையோ மனைவியையோ. அந்த வாய்க்கு வேறென்ன தெரியும் என்று மனதுக்குள் காறித் துப்பிவிட்டுத் துணியோடு உள்ளே வந்தேன்.

கூடத்தில் கருவி. மின்சாரத்தோடு இணைக்காதது, பேட்டரி இல்லாதது.

அறுபத்தொன்று என்றது.

சாயங்காலம் கதவை உடைத்தார்கள். மாரடைப்பு என்றார் டாக்டர். கண்ணாடி முழுக்க அவருடைய உள்ளங்கை ரேகைகள். கீழே முற்றத்தில் வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்த அவர் மனைவிக்கு எதுவும் கேட்கவில்லை. அவ்வளவு நல்ல ஜன்னல்கள். அறையில் தையல் எண்ணெய் வாசனை இருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

வருகைப் பட்டியலில் இரண்டாவது பேர் யாருடையது என்று உங்களுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து மதியமானால் ஒரு துணியைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "துணைத் தலைவி" என்ற சொல்லுக்காகக் காத்திருக்கிறேன். எத்தனை தடவை கூப்பிட்டாலும் நான் பதில் சொல்லமாட்டேன். பதில் சொல்லாமல் இருப்பதில் எனக்குத்தான் நல்ல பழக்கமாயிற்றே.

இன்று அந்தச் சொல் வரவில்லை. இபாடானிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்த என் மகள் ரெமிலேக்குனின் குரல்தான் வந்தது, வாசல் கதவுக்கு வெளியே.

"அம்மா, கதவத் தெறங்க. விழுந்துட்டேன். படியில கால் மடங்கிடுச்சு."

பெட்டியைப் பார்த்தேன். அறுபத்தொன்று.

"அம்மா, ரத்தம் வருதும்மா."

அறுபத்தொன்று.

பதினோரு தடவை கூப்பிட்டது. பிறகு நின்றுவிட்டது. மணி நாலரை ஆகிறது. கதவிடுக்கின் வழியாக ஒரு எறும்பு உள்ளே வருகிறது. நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.