ராகிக் குழி

மாரண்டஹள்ளியைத் தாண்டி எங்கள் ஊருக்குள் கார் நுழைந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. நான் நல்ல மிதப்பில் இருந்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஓசூரில் வேலை பார்க்கும் எனக்குக் கொஞ்ச காலமாக வம்சாவளிப் பைத்தியம் பிடித்திருந்தது. எங்கள் பாட்டன் முப்பாட்டன்களில் ஒருவர் மணியக்காரர் சென்னப்பன். தாது வருஷப் பஞ்சத்தில் ஊருக்கே சோறு போட்டவர் என்று வீட்டில் சொல்லுவார்கள். ஆதாரம் தேடி லீவு போட்டு ஆவணக் காப்பகத்துக்கு நடையாய் நடந்தேன். நிலப் பதிவு கிடைத்தது. அவரைப் புகழ்ந்து வெள்ளைக்காரத் துரை கொடுத்த நற்சான்று கிடைத்தது. பஞ்ச காலத்து இறப்புக் கணக்கும் கிடைத்தது. அதில் சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் செத்தவர்களின் பெயர்கள் பக்கம் பக்கமாக இருந்தன. எங்கள் ஊருக்கு எதிரே 'இல்லை' என்று மட்டும் எழுதியிருந்தது. ஜனங்கள் வழியோரம் விழுந்து செத்த காலத்தில் எங்கள் ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து கண் கலங்கினேன்.

பங்காளிகள் சேர்ந்து குலதெய்வக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்திருந்தோம். 'தாது வருஷத்தில் ஓர் உயிரும் போகாமல் ஊர் காத்த மணியக்காரர் சென்னப்பன்' என்று கல்லில் வெட்டக் கொடுத்துவிட்டேன். பாக்கி ஒரு வீடியோதான். பழைய வீட்டில் நாங்கள் செய்யும் சடங்கைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்ப வேண்டும்.

சடங்கு இதுதான். பொங்கலன்று இலை போடுவதற்கு முன், மூத்த ஆண் உள்ளறையின் பலகைக்கல் மேல் நின்று குதிகாலால் மூன்று முறை தட்டுவான். "பசியாறிட்டியா?" என்று சத்தமாகக் கேட்பான். கதவுக்குப் பின்னால் நிற்கும் மருமகள் உடனே "ஆறிட்டேன்" என்று சொல்ல வேண்டும். ஒரு வருஷம் அம்மாவுக்கு இருமல் வந்து பதில் கொஞ்சம் தாமதமானது. அதற்கே பெரியம்மா அடுப்படியிலிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தாள். பிள்ளைகள் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மணியக்காரர் பஞ்சத்தில் ஒவ்வொருவரையும் அப்படித்தான் கேட்பாராம், அதன் நினைவு இது என்று அப்பா பெருமையாகச் சொல்வார்.

அம்மா போனபிறகு பதில் சொல்வது என் மனைவி சுசித்ரா. அன்றைக்கு அவளுக்கு வரவே மனசில்லை. பொங்கலுக்கு எடுத்துக்கொள்ளலாமே என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் காரிலிருந்து இறங்குவதற்குள் நான் பூட்டைத் திறந்து உள்ளே போய்விட்டேன்.

உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே அத்தனை வெயில் இருந்தும் வாசற்படியோடு வெளிச்சம் நின்றுவிட்டது. தரை சில்லென்று இருந்தது. நடுவில் அந்தப் பலகைக்கல். அதற்கு அடியில் பழைய காலத்து ராகிக் குழி. வாய் குறுகலாக, உள்ளே பானை வயிறுபோல அகலமாகத் தோண்டி, ராகியைக் கொட்டி மூடிவிடுவார்கள்; வருஷக் கணக்கில் கெடாது. எனக்கு விவரம் தெரிந்த நாளாக அதை யாரும் திறந்ததில்லை.

செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்தேன். கல்மேல் ஏறி நின்று மூன்று முறை தட்டினேன்.

"பசியாறிட்டியா?"

கதவுக்குப் பின்னால் ஆள் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

என் காலுக்கு அடியில் ஏதோ தட்டியது.

எலியாக இருக்கும் என்று நினைத்தேன். மறுபடி தட்டியது. மூன்றாவது முறையும் தட்டி நின்றது.

கல் ஓரத்திலிருந்து வாடை கிளம்பியது. மக்கிய ராகி வாடை. அதற்குள் இன்னொரு வாடையும் இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டேன். 

"இல்லீங்க."

சின்னப் பெண்ணின் குரல். தொண்டை வறண்டு, ஆனால் மரியாதையாக.

"ஆறிட்டேன்! ஆறிட்டேன்!"

சுசித்ரா செருப்போடு உள்ளே ஓடிவந்தாள். கத்திக்கொண்டே என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். அவள் முகத்தில் பயத்தைவிட வேறெதுவோ அதிகமாக இருந்தது. புங்க மரத்தடியில் என்னை உட்கார வைத்தபிறகுதான் பேசினாள்.

"கல்யாணமான மொதப் பொங்கலுக்கே அத்தை சொல்லிட்டாங்க. இந்த வூட்டுக்கு வர்ற மருமகளுங்களுக்கு மட்டும் சொல்றதாம். ஆம்பளைங்களுக்குத் தெரிஞ்சா தலை நிமிந்து நடக்க மாட்டாங்கன்னு."

குழிக்குள் இருப்பவள் பெயர் தீர்த்தம்மாள். எங்கள் வீட்டில் ஆடு மேய்த்த பெண். குழியின் குறுகல் வாய்க்குள் இறங்கும் அளவுக்கு ஒல்லியாக இருந்ததால் ராகி அள்ள அவளைத்தான் இறக்குவார்களாம். மணியக்காரர் ஊருக்குக் கொடுத்தது ஒன்றுமில்லை, பதுக்கியதுதான் எல்லாம். பதுக்கலைப் பிடிக்கத் துரை வருகிறார் என்று செய்தி வந்தபோது அவள் உள்ளே இருந்தாள். அவளை மேலே ஏற்றாமல் கல்லை இழுத்து மூடினார்கள். துரை அறை அறையாகப் பார்த்து வந்தபோது மணியக்காரர் அந்தக் கல்மேல் நின்றிருந்தார். அவள் கீழிருந்து தட்டினாள். சத்தம் தெரியாமலிருக்க அவரும் குதிகாலால் தட்டினார். வீட்டுப் பெண்களைத் துரைக்கு முன்னால் நிறுத்திப் பசியாறிட்டியா என்று கேட்டார். எல்லோரும் ஆறிட்டேன் என்றார்கள். துரை ஊரிலேயே கூடாரம் போட்டுவிட்டார்.

"தொரை போவட்டும், அப்பறம் தொறக்கலாம்னாராம்" என்றாள் சுசித்ரா. "அப்பறம் தொறக்கவே இல்ல."

எனக்கு அந்த 'இல்லை' ஞாபகம் வந்தது. ஊர்ச் சாவை எழுதி அனுப்புவது மணியக்காரர் வேலை. அவர் எழுதியதைப் படித்துத்தான் நான் அழுதிருந்தேன். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இத்தனை பொங்கலுக்கும் என் பெருமைக்காகக் கதவுக்குப் பின்னால் நின்று பொய் சொன்னவள் அவள்.

"கல்ல எடுத்துரலாங்க. உள்ள இருக்கறத மண்ணுல அடக்கம் பண்ணி, அவ பேர வெட்டி வெச்சிரலாம்."

பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. கல்வெட்டு முடிந்துவிட்டது. பங்காளிகள் என்ன சொல்வார்கள்.

"விசேஷம் முடியட்டும் சுசி" என்றேன். "அப்பறம் தொறக்கலாம்."

சுசித்ரா என்னையே பார்த்தாள். என்ன சொன்னேன் என்பது எனக்கும் விளங்கியது. ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை.

கும்பாபிஷேகம் அமோகமாக நடந்தது. கல்வெட்டைத் திறந்து வைத்தபோது எனக்குத் துண்டு போர்த்தினார்கள். மணியக்காரர் ரத்தம் அப்படியே இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். குனிந்த தலையோடு நின்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஓசூரில், மத்தியானச் சாப்பாடு. எங்கள் வீடு இரண்டாவது மாடி. கீழ் வீடு காலியாகிப் பூட்டிக் கிடக்கிறது. சுசித்ரா சாம்பார் ஊற்றினாள். முதல் கவளத்தை வாயில் வைத்தேன்.

டைல்ஸுக்கு அடியில் மூன்று முறை தட்டும் சத்தம்.

சுசித்ராவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. ராகி வாடை வந்தது.

"பசியாறிட்டீங்களா?"

நான் சுசித்ராவைப் பார்த்தேன். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். எத்தனையோ பொங்கலுக்கு உடனே பதில் சொன்ன வாய் அது.

"இதுக்கு என்னால முடியாதுங்க" என்று கிசுகிசுத்தாள். "உங்களத்தான் கேக்கறா."

வாய் நிறையச் சோறு இருந்தது. விழுங்க முடியவில்லை. என் காலுக்கு நேர் கீழே மறுபடி தட்டினாள்.