இரண்டு விரற்கடை

பின்பனிக்காலம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பொருநையின் மேல் வெண்புகையாய்ப் படர்ந்த குளிர், கதிரவன் எழுந்த பின்னும் கலைய மனமின்றிக் கிடந்தது. கரை மருதங்கள் இலையுதிர்த்து நின்றன. பிரிந்தோரைப் பனி வருத்தும் என்பது பழம்பாடல்களின் கூற்று; சேர்ந்திருந்தும் வருந்தினான் ஆவுடையப்பன்.

அவன் பையில் மணமுறிவு மனு ஒன்றும், அதனடியில் ஒரு கற்றை முடியும் இருந்தன. மனைவி சங்கரவடிவு கூந்தலை உலர்த்தியபடி கண்ணயர்ந்த நண்பகலில், பின்கழுத்தருகே அவன் திருட்டுத்தனமாய்க் கத்தரித்த முடி அது.

பாளையங்கோட்டையில் முடியைப் படித்துச் சொல்லும் குழல்மானிப் பொறி தெருவுக்கொன்றாய் வந்து ஆறாண்டுகள் ஆகின்றன. ஒரே தனிமத்தின் எடைமிக்க அணுவும் எடைகுறைந்த அணுவுமாகிய ஓரிடத்தான்கள், நீரில் ஊருக்கு ஊரும் உடலில் உணவுக்கு உணவும் விகிதம் மாறுபவை. திங்களுக்கு அரை விரற்கடை வளரும் முடி அதனை வரிசையாக எழுதிவைக்கும். பெண் கேட்போர் சாதகத்தோடு ஒரு முடியும் கேட்டனர். நீதிமன்றங்கள் அதனைச் சான்றாக ஏற்றன.

ஆவுடையப்பன் ஆழ்கடல் ஆய்வுக்கலத்தின் பொறியாளன். சென்ற புரட்டாசியில் கலம் தொடர்பிழந்து, நாற்பத்தெட்டு நாள் கடலடியில் கிடந்து, ஐப்பசியில் மீண்டது. "நான் இல்லாதப்போ எங்க இருந்த?" என்று அவன் கேட்டதற்கு, "எங்க போவேன்?" என்று வடிவு சிரித்தாள். அந்தச் சிரிப்பு முள்ளாய்த் தங்கியது. வீடு பூட்டிக் கிடந்ததென்று அண்டை வீட்டார் சொல்லியிருந்தனர். தூத்துக்குடிக் கடற்கரையில் இருந்தான் அவளுடைய அத்தை மகன் பிறவிப்பெருமாள். முறைமாப்பிள்ளையாய் இருந்தும் அவளைப் பெறாதவன். சைவக்குடியில் பிறந்தும் மீன் உண்பவன்.

கற்றையில் பாதியைக் குழல்மானி விழுங்கியது.

"வேரிலிருந்து இரண்டு விரற்கடையில் நீர் மாறுகிறது. ஆற்றுநீர் அன்று, கடலோரக் கிணற்று நீர். நாற்பத்தெட்டு நாள்."

"அப்போ என்ன சாப்பிட்டா? மரக்கறியா, ஊனா?"

"ஊன்."

மீன் என்று பொறி சொல்லவில்லை. அதனைச் சேர்த்துக்கொண்டது அவன் பொறாமை.

வீட்டு முற்றத்தில் வடிவு பின்கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். "முடியில கை வச்சது நீங்கதானா? சாமிக்கு நேந்த முடிங்க அது! வெட்டிட்டியளே!"

"சாமிக்கா, பிறவிக்கா? நாப்பத்தெட்டு நாளும் மீன்கொழம்பு ருசியா இருந்துச்சோ?"

அவள் திகைத்துப் பின் சிரித்தேவிட்டாள். "பிறவி அத்தானா! அவுக பொண்டாட்டிக்குப் பயந்து வாசப்படி தாண்ட மாட்டாக."

அவன் முகத்தைக் கண்டதும் சிரிப்பு அடங்கியது.

"செந்தூர்ல இருந்தேன். கலத்தைக் காணலன்னு சேதி வந்த அன்னைக்கே போயிட்டேன். நாழிக்கிணத்துத் தண்ணி, துளசி, ஒருவேளை கைப்பிடிப் பழம். நீங்க திரும்புனா மாசித் திருவிழாவுல முடி தாரேன்னு நேந்துக்கிட்டேன். நிறைவேத்துற வரைக்கும் நேந்தத வெளியில சொல்லக் கூடாதுல்லா? இப்போ சொல்ல வச்சிட்டிய."

ஆவுடையப்பன் மீண்டும் பொறியின்முன் ஓடினான். "பழமும் தண்ணியுமா விரதம் இருந்தவ, ஊன் எப்படித் தின்னா? யாரோட ஊன்?"

"அவளுடையது. போதிய உணவு பெறாத உடல் தன் தசையைத் தானே உண்ணும். முடியில் அதுவும் ஊனாகவே பதியும். ஊனா என்று வினவினீர். யாருடையது என்று வினவவில்லை."

மனுவை அவன் அங்கேயே கிழித்தான்.

மாசித் திருவிழாவில் செந்தூரில் இருவரும் முடியிறக்கினர். அவன் எதுவும் நேர்ந்துகொண்டவனல்லன். ஆயினும் அவளருகே தலை குனிந்து அமர்ந்தான். இனி முடி வளரும்வரை எந்தப் பொறியாலும் அவர்களைப் படிக்க இயலாது. ஒருவரையொருவர் கேட்டுத்தான் அறிய வேண்டும்; கேட்டதை நம்பத்தான் வேண்டும்.

பையில் எஞ்சியிருந்த அரைக்கற்றையை எடுத்து, அவளுடைய முடியோடு சேர்த்துக் காணிக்கையாக வைத்தான். பிறகு சந்தனம் குழைத்து, அவள் தலையில் பூசினான்.

வடிவு பன்னீரிலையில் தந்த கோயில் திருநீற்றை எடுத்து அவன் நெற்றியில் இட்டாள்.

"முருகன் தொண. மனசு குளுந்து நல்லா இருங்க."