கைக்காத குளிசை

"வெள்ளிக்கிழமையில இறைச்சி காய்ச்சினது ஆர்? மாதாவுக்கு வைச்ச நேர்த்தியைக் குழப்பினது ஆர்?"

திரேசம்மா இதைத் திரும்பவும் கேட்டபோது, அடுத்த வளவில் தையல் மெசினின் சத்தம் நின்றது. ஊர்ச் சண்டையில் தனக்கு அக்கறை கிடையாது என்று அன்ரோனெற்றே வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள். இருந்தாலும் தைத்துக்கொண்டிருந்த கலியாண உடுப்பைக் கையில் பிடித்தபடியே வேலிப் பொட்டால் புகுந்து, சண்டை ஆறமுன் சிங்கராசாவின் முற்றத்துக்கு வந்து சேர்ந்துவிட்டாள்.

சிங்கராசா நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து பென்சனோடு இளைப்பாறியவர். பிறர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எடுத்துச் சொல்வதே அவர் தொழிலாக இருந்ததால், பேசுவதைவிடக் கேட்பதுதான் அவருக்குப் பழக்கம். கீரிக் கிராமத்தில் ஆட்டைக் காணவில்லை என்றாலும் மோதிரத்தைக் காணவில்லை என்றாலும் பொலிசுக்குப் போகமுன் அவரிடம்தான் வருவார்கள். அவர் கதிரை எடுத்துப் போடுவார். மிச்ச விசாரணையைத் தானே செய்வதாக அன்ரோனெற் நினைத்துக்கொள்வாள்.

இன்று வந்திருந்தவர்கள் மாமியும் மருமகளும். சங்கதி, திரேசம்மாவின் மகன் றொகானைப் பற்றியது. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. கிளினிக் குளிசை பிடித்த பிறகு வருசக்கணக்காக வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. நேற்றுக் கரையில் வலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவன் திடீரென்று விழுந்து கைகால் வெட்டத் தொடங்கிவிட்டான். மணலில் விழுந்தபடியால் தப்பினான். தண்ணீரில் விழுந்திருந்தால் என்று தொடங்கிய எவரும் அந்தப் பேச்சை முடிக்கவில்லை.

அப்படிப்பட்டவன் இன்று மத்தியானம் மறுபடியும் மீன்பிடிக்கக் கடலில் போட்டை இறக்கிவிட்டான். கூடப் போயிருப்பவன் கூட்டாளி மில்ரன் மட்டும்தான்.

"போகாதேங்கோ எண்டு கெஞ்சினனான் ஐயா," என்றாள் றொகானின் மனைவி மதுஷிகா. அழுது அழுது அவள் குரல் கம்மியிருந்தது. "'குளிசை ஒழுங்காப் போடுறன்தானே, ஒண்டும் செய்யாது' எண்டிட்டுப் போட்டார். அதுவும் உண்மைதான். காலமையும் பின்னேரமும் நான்தான் எடுத்துக் குடுக்கிறன், ஒரு நேரம் தவறினதில்லை. பிறகு ஏன் வந்தது? அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

ஏன் வந்தது என்று திரேசம்மாவிடம் பதில் தயாராக இருந்தது. முருங்கனில் வயல் செய்யும் மாரிமுத்துவின் மகளான இவள் கலியாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவள், நேர்த்தி என்றால் என்னவென்று அறியாதவள். ஆவணித் திருவிழாவில் திரேசம்மா மடு மாதா கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்து போய், மகனுக்குப் பூரண சுகம் கேட்டு, வீட்டில் வெள்ளியில் இறைச்சி படாது என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். மாதா சுகத்தைக் கொடுத்துவிட்டார். மருமகள்தான் போன வெள்ளி கோழிக்கறி வைத்துக் கெடுத்துவிட்டாள். இன்று காலை மெழுகுதிரி கொளுத்தி மன்னிப்புக் கேட்டாயிற்று. இனிப் பயமில்லை என்று மகனைக் கடலுக்கு அனுப்பியதும் தானேதான் என்று முடித்தாள்.

அன்ரோனெற்றுக்கு வேறு கட்சி. கிளினிக்கில் மருந்து தட்டுப்பாடு வந்தபோது முஹைதீனின் மருந்துக்கடையில் வாங்கினார்கள் என்று அவளுக்குத் தெரியும். முஹைதீன் மாடி கட்டிய நாள்முதல் அந்தக் கடையில் அவளுக்கு ஒரு கண்.

"போலிக் குளிசையாய் இருக்கும், அண்ணை," என்று காதுக்குள் சொன்னாள்.

சிங்கராசா, குளிசையைப் பற்றி றொகான் ஏதும் கதைத்தவனா என்று மதுஷிகாவைக் கேட்டார்.

"இப்ப கைக்கிறதில்லையாம். அவர் கடலில பழகினபடி தண்ணியில்லாமத்தான் முழுங்கிறவர். முந்தி முகத்தைச் சுழிப்பார். இப்ப புளிப்பு முட்டாசு மாதிரியாம். நல்ல மருந்து வந்திட்டுது எண்டு சந்தோசப்பட்டார்."

குளிசைப் போத்தல் மதுஷிகாவின் பையிலேயே இருந்தது. சிங்கராசா ஒரு வெள்ளைக் குளிசையை எடுத்து நாக்கில் வைத்தார். புளிப்புப் பட்டதும் துப்பினார்.

"இது விற்றமின் சி," என்றார் அவர். "றொகானின்ர உடம்பில மருந்தெண்டு ஒண்டும் இல்லை. லோறன்சுக்குக் கோல் அடியுங்கோ. போட்டை எடுத்துக்கொண்டு உடனே தேடிப் போகச் சொல்லுங்கோ."

லோறன்ஸ், றொகானின் தங்கை டிலோஜினிக்குப் பேசிய மாப்பிள்ளை. அவனுக்குக் கோல் எடுத்தவளும் டிலோஜினிதான். உடுப்பு அளவு பார்க்க அன்ரோனெற்றிடம் வந்திருந்தவள், சண்டைக்குப் பயந்து அதுவரை வேலியோடு ஒட்டி நின்றாள். மில்ரனின் போனுக்கு எடுத்தால் தொடர்பு இல்லை என்றது.

எல்லாரும் கரைக்கு ஓடினார்கள். சிங்கராசாவால் ஓட முடியாது. அவரோடு அன்ரோனெற் பின்தங்கினாள். வழியில் அவர் அவள் கையிலிருந்த உடுப்பைக் காட்டி, அதில் இன்னும் என்ன வேலை என்று கேட்டார். இந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா என்று பட்டாலும், வாய் திறக்கக் கிடைத்த வழியை அன்ரோனெற் ஒருநாளும் விட்டதில்லை.

உடுப்பு பாரிசில் இருக்கிற பெரியம்மா அனுப்பியது. வந்தபோது டிலோஜினிக்கு இறுக்கம். பக்கத்தில் துணி வைத்துத் தரச்சொன்னாள். பிறகு வேண்டாம் என்றாள். இப்போது பிடித்துத் தைத்தும் உடம்பில் நிற்கவில்லை, காற்றைக் குடித்தா சீவிக்கிறாளோ தெரியாது. ஆளும் ஒரு மாதிரித்தான். விரல் நுனியில் எறும்பு ஓடுகிறது என்று கையை உதறுகிறாள். நிச்சயதார்த்த வீட்டில் எல்லாரும் சோடா குடித்து ஏப்பம் விட, இவள் காஸ் போன சோடா என்று தள்ளிவைத்துவிட்டாள். மாமியாராகப் போகிறவளின் பெயரே பேச்சின் நடுவில் இவளுக்கு மறந்துபோயிற்று.

"பாவம், அந்த மனுசி முகத்தை எங்க வைக்கிறதெண்டு தெரியாமல் நிண்டது," என்று அன்ரோனெற் சிரிக்கப் பார்த்தாள்.

சிங்கராசா சிரிக்கவில்லை. நடையை எட்டிப் போட்டார்.

கரையில் சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. லோறன்சின் போட் போய்ப் புள்ளியாகி மறைந்துவிட்டது. மதுஷிகா அலை காலில் பட நின்று கண் வெட்டாமல் கடலைப் பார்த்தாள். திரேசம்மா செபமாலையை உருட்டினாள். காத்திருப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதற்கில்லை. சிங்கராசா டிலோஜினியின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, ஒருக்காக் கோட்டில ஒரு டொக்டரின்ர சாட்சியத்தை நான் மொழிபெயர்த்தனான். வலிப்புக்குக் குடுக்கிற டொபிறமேற் எண்ட குளிசையை ஒரு பொம்பிளை மெலியிறதுக்குப் போட்டதால வந்த வழக்கு. பசி குறையுமாம். விரல் விறைக்குமாம், சோடா சப்பெண்டு போகுமாம், சொல்ல வாற சொல் வராதாம். அண்ணாவின்ர குளிசை எங்க போனதெண்டு எனக்கு இப்ப விளங்குது. ஆர் தந்தது?"

டிலோஜினி முகத்தைப் பொத்திக்கொண்டாள். போனில் எவளோ ஒருத்தி இதைப் போட்டு மெலிந்ததாகக் காட்டிய வீடியோவைப் பார்த்தாளாம். அது அண்ணாவின் குளிசையின் பெயர்தான் என்று கண்டாளாம். "அண்ணாவுக்கு நிப்பாட்டியாச்சு, சும்மா கிடக்கு எண்டு சொல்லித்தான்…" என்றவள் தந்த ஆளின் பெயரைச் சொல்லவில்லை.

அன்ரோனெற் உடனே மதுஷிகாவைப் பார்த்தாள். போத்தலைக் கையாளுபவள் அவள்தானே. ஆனால் சிங்கராசாவின் கண் செபமாலையில் இருந்தது.

"திரேசம்மா, கெடுக்க நினைச்ச ஆள் மாத்தி வைக்க விற்றமினாப் பாத்து எடுக்காது. இது அன்பான கை செய்த வேலை. வலிப்பு வந்த பிள்ளையின்ர தாய் முதல் கேக்கிறது, குளிசை போட்டவனோ எண்டு. மதுஷிகா குளிசையைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அழுதா. நீங்கள் ஒருக்காலும் கேக்கேல்லை. றொகானுக்குக் குளிசை தேவையில்லை எண்டு நம்பினது அந்த வீட்டில நீங்கள் ஒராள்தான்."

திரேசம்மா மறுக்கவில்லை. அதை மறைத்தது குற்றம் என்றுகூட அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. பல் முரசு நோவுக்குத் தனக்குக் கிளினிக்கில் தந்த விற்றமின் குளிசைகள் வீட்டில் இருந்தன. அதே வெள்ளை, அதே அளவு. அவற்றை மகனின் போத்தலில் மாற்றிப் போட்டுவிட்டாள்.

"மாதா சுகமாக்கினாப் பிறகும் மருந்து குடுத்தா, அவவை நம்பேல்லை எண்டுதானே அர்த்தம்? அவனுக்குச் சொன்னா விடமாட்டான். நல்ல குளிசையை எறியவும் மனம் வரேல்லை. இவளும் கலியாணம், உடுப்பு எண்டு அழுதுகொண்டு நிண்டாள், குடுத்திட்டன்." அவள் கை உருட்டுவதை நிறுத்தியது. இரண்டு நாளாக மற்றவர்களைப் பிடித்தாட்டிய பயம் அப்போதுதான் அவளைத் தொட்டது. "அண்ணை, நான்தானே அவனை அனுப்பினனான். அவன் வருவானோ?"

அன்ரோனெற்றே வாயை மூடி நின்றதைக் கண்டு மதுஷிகா இன்னும் பயந்தாள்.

வெகுநேரம் கழித்து மோட்டர்ச் சத்தம் கேட்டது. ஒரு போட்டை மற்றது கட்டி இழுத்து வந்தது. முன்னுக்கு வந்த போட்டில் மில்ரன் குந்தியிருந்தான். அவன் மடியில் ஒரு தலை கிடந்தது. அது அசைகிறதா என்று கரையிலிருந்து தெரியவில்லை. மதுஷிகா உடுத்த உடுப்போடு தண்ணீருக்குள் இறங்கி நடந்தாள். அவள் போட்டின் விளிம்பைப் பிடித்தபோதுதான் உள்ளேயிருந்து ஒரு கை மெல்ல எழும்பி அவள் தலையைத் தொட்டது.

வலை இழுக்கும்போது வலிப்பு வெட்டி, றொகான் வெளியே விழுந்திருக்கிறான். மில்ரன் சேட்டுக் கொலரைப் பிடித்துத் தலையைத் தண்ணீருக்குமேல் வைத்திருந்தான். போட்டுக்குள் தூக்கிப் போடத் தனியாளால் முடியவில்லை. கை விட்டுப்போகிற நேரத்தில் லோறன்ஸ் வந்து சேர்ந்திருக்கிறான்.

ஓட்டோவில் அண்ணனோடு தங்கையையும் ஏற்றச் சொன்னார் சிங்கராசா. அந்தக் குளிசையை நினைத்தபடி தொடங்கவும் கூடாது, நினைத்தபடி விடவும் கூடாது, டொக்டர் பார்க்கட்டும் என்றார். பங்குச் சுவாமி திரேசம்மாவைக் கூப்பிட்டு, மாதா ஒருநாளும் எவரிடமும் மருந்தைப் பறிக்கச் சொன்னதில்லை என்று நேரமெடுத்து விளங்கப்படுத்தினாராம். கோயில் கூட்டுகிற சாட்டில் அன்ரோனெற் முழுவதையும் கேட்டாள்.

பாஸ்காத் திருநாளுக்குப் பிறகு டிலோஜினி, கடைசியில் பக்கத்தில் துணி வைத்துத் தைத்த உடுப்போடு லோறன்சைக் கட்டினாள். இப்போது நீர்கொழும்பில் இருக்கிறார்கள். மில்ரன் ஆஸ்பத்திரிக்கு வந்துபோன சாட்டில் அங்கே நின்ற மதுஷிகாவின் தங்கை நிருஷாவைக் கேட்டுக் கலியாணம் முடித்துக்கொண்டான். றொகான் கடலை விட்டு மனைவியோடு முருங்கனுக்குப் போய் மாமனோடு வயல் செய்கிறான். வலிப்பு இதுவரை வரவில்லை.

திரேசம்மா பஸ் எடுத்துப் போய் மகனைப் பார்த்துவிட்டு வருவாள். மருமகள் மரியாதையாகக் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, சோறும் கட்டி அனுப்புவாளாம். குளிசை வைக்கிற அலுமாரி இருக்கிற அறைக்குள் மட்டும் விடமாட்டாளாம்.