ஏழாம் கிணற்றின் காலடி

தம்பியைத் தேடி மூன்று வாரம் அலைந்துவிட்டுப் பதிவறைக்குத் திரும்பினேன். காலை ஒன்பதரை மணி. மின்விசிறி, தேநீர்க் கறை படிந்த மேசை, ஆறு திரைகள், எல்லாம் வைத்தது வைத்தபடி. கொட்டகையில் தம்பியின் பைக்கும் அப்படியே, இருக்கையில் மட்டும் தூசி.

"உங்க தம்பி வேற வேலை கிடைச்சு ஓடிட்டான்மா" என்று மேலாளர் சொல்லியிருந்தார். ஓடுகிறவன் பைக்கை விட்டுவிட்டா ஓடுவான்? அவன் காணாமல் போன அன்றுதான் ஏழாம் கிணற்றின் வாய்க்குழியை அவசர அவசரமாகக் கான்கிரீட் ஊற்றி மூடியிருந்தார்கள். கேட்டால், பராமரிப்பாம்.

பூமிக்கடியில் கொதிக்கும் நீராவியிலிருந்து மின்சாரம் எடுக்கும் இடம் இது. உள்ளே தண்ணீரை அழுத்தினால் பாறை லேசாக அதிரும். எத்தனை முறை, எவ்வளவு ஆழத்தில் என்று பார்ப்பது என் வேலை. 'நிலநடுக்கம்' என்ற சொல்லுக்கு மேலாளர் தடை போட்டிருந்தார். 'புவிச் சிலிர்ப்பு' என்றுதான் எழுத வேண்டும். அவரைக் கண்டு பூமிக்கே புல்லரித்துவிட்டதுபோல.

தம்பி களத்தில் அதிர்வு உணர்கருவிகளைச் சோதிப்பவன். ஒவ்வொன்றின் அருகிலும் பூட்ஸ் காலால் மூன்று மிதி, ஓர் இடைவெளி, இரண்டு மிதி. உடனே போன் வரும்.

"அக்கா, வந்துச்சா?"

"வந்துச்சுடா. வெயில்ல நிக்காத."

பிறகு அதைக் 'காலடி' என்று குறித்துப் பதிவிலிருந்து நீக்கிவிடுவேன்.

பத்து மணிக்குத் திரை துள்ளியது.

மூன்று. இடைவெளி. இரண்டு.

கிணறு ஏழு. ஆழம் இரண்டாயிரத்து நூறு மீட்டர்.

முதலில் சென்ட் வாசனை வந்தது, பின்னாலேயே மேலாளர்.

"காலடிம்மா அது. நீக்கிடு. பதினொண்ணுக்கு விருந்தாளிங்க வர்றாங்க."

"ரெண்டு கிலோமீட்டருக்குக் கீழ யாரோட காலடி சார்?"

மவுஸைப் பிடுங்கி அவரே நீக்கினார்.

"அன்னிக்குக் குழிக்குள்ள யாருமே இல்லம்மா" என்றார் மெல்ல.

குழியைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

பதினொரு மணிக்கு அந்தக் கான்கிரீட்டின் மேலேயே மேடை, மைக், மேலாளர்.

"பூமி நம்ம சொல்பேச்சு கேக்குது!"

கைதட்டல்.

திரையில் மூன்று. இடைவெளி. இரண்டு. ஆழம் ஆயிரம்.

மறுபடியும். ஆழம் நாற்பது.

மறுபடியும்.

ஆழம் பூஜ்ஜியம்.

ஜன்னலுக்கு ஓடினேன். வெள்ளை நீராவி மேடையை மூடியிருந்தது. கந்தக நாற்றம். நீராவி விலகியபோது மேடையில் மைக் மட்டும் நின்றது. கான்கிரீட்டில் ஒரு கீறல்கூட இல்லை. இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்திதான் என்று விருந்தாளிகள் இன்னொரு முறை கைதட்டினார்கள்.

மேலாளர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டதாக அலுவலகம் அறிவித்தது. அவருடைய கார் கொட்டகையில் நிற்கிறது, பைக்குக்குப் பக்கத்தில்.

இப்போதும் தினமும் பத்து மணிக்கு மூன்று, இடைவெளி, இரண்டு. கூடவே இன்னொன்று. இடைவெளியே இல்லாமல், முறை தெரியாத ஒருவர் பதறிப் பதறி மிதிப்பதுபோல. அதை மட்டும் 'காலடி' என்று குறித்து நீக்கிவிடுகிறேன். அவர் காட்டிய வழிதானே.

இன்று நீக்கிய கையோடு போன் அடித்தது. எண் தெரியவில்லை. நீராவி சீறும் ஓசை மட்டும் கேட்டது.

"வந்துச்சுடா" என்றேன்.

என் நாற்காலிக்கடியில் தரை மூன்று முறை அதிர்ந்தது.

மீதி இரண்டுக்காகக் காத்திருக்கிறேன்.