நான்கு பொத்தான், ஒரே சொல்

ஆறரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். காபியை நின்றபடியே குடித்தான். ஏழு பத்துக்குக் கைபேசி அதிர்ந்தது.

"சும்மா."

மனைவியின் டேப்லெட்டிலிருந்து. அவள் இறந்து நாற்பத்தொரு நாள். டேப்லெட் உள்ளறைக் கட்டிலில் சார்ஜ் தீர்ந்து கறுத்துக் கிடக்கிறது.

தொண்டையில் அறுவை சிகிச்சைக்குப் பின் அவளுக்குக் குரல் உரக்க எழவில்லை. அவனே ஒரு சிறு நிரல் எழுதிக் கொடுத்தான். திரையில் நான்கு பொத்தான்கள்: தண்ணீர், வலி, மூச்சு, சும்மா. அமுக்கினால் அந்தச் சொல் முன்னறையில் வேலை செய்யும் அவன் கைபேசிக்கு வரும். கடைசியது அவள் கேட்டு வாங்கியது. "உன்னை வம்பிழுக்க ஒண்ணு வேணாமா?" என்று கரகரத்துச் சிரித்தாள்.

அவள் இறந்த அன்று காலை பதினொரு முறை 'சும்மா' வந்தது. மீட்டிங்கில் இருந்தான். சிரித்துக்கொண்டான்.

"கடைசியா ஏதாவது கேட்டாளாடா?" என்றாள் அக்கா, எல்லாம் முடிந்த பிறகு.

"இல்லக்கா. விளையாடிட்டுத்தான் இருந்தா."

இப்போது கைபேசி மறுபடி அதிர்ந்தது. சும்மா. உள்ளறைக் கதவிடுக்கு வழியே மருந்தும் ஈரத்துணியும் கலந்த வாடை கசிந்து வந்தது. அதனூடே கண்ணாடியில் நகம் தட்டுவது போல, விட்டு விட்டு, அவசரமில்லாமல் ஒரு சத்தம். அன்றும் கேட்டிருந்தான். அப்போது ஹெட்போனின் ஒலியைக் கூட்டிக்கொண்டான்.

கணினியில் அந்த நிரலைத் திறந்தான். ஒரே கட்டளை நான்கு முறை ஓடும் சுழற்சியில் நான்கு பொத்தான்களையும் உருவாக்கியிருந்தான். எதுவும் தன் சொல்லைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. நான்கும் ஒரு நேரத்தில் ஒரு சொல்லை மட்டும் தாங்கும் ஒரே மாறியை எட்டிப் பார்த்தன, அமுக்கும் நேரத்தில் அதில் இருந்ததை அனுப்பின. சுழற்சி முடிந்தபின் அதில் தங்கியது கடைசிச் சொல். எதை அமுக்கினாலும் சும்மா.

முதலாண்டு மாணவன் செய்யும் பிழை. காது மடல் சுட்டது. ஆளில்லாத வீட்டில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

திருத்தினான். ஒவ்வொரு பொத்தானுக்கும் அதனதன் சொல்லைக் கட்டினான். ஓடவிட்டான்.

தட்டல் நின்றது.

கைபேசி அதிர்ந்தது.

மூச்சு.

மூச்சு.

மூச்சு.

எண்ணினான். பதினொன்று.

கதவைத் தள்ளினான். கறுத்துக் கிடந்த டேப்லெட் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. மூன்றாவது பொத்தான் அமுங்கியபடி. எழவில்லை. அதன்மேல் ஓர் ஈரமான விரல் தடம். விரல் இல்லை. தடம் மட்டும் இன்னும் அழுத்தமாக, இன்னும் அகலமாக, கண்ணாடியில் வெளுத்துப் பரவியது.

அவள் இறந்த அன்று காலை, நிரலை டேப்லெட்டில் ஏற்றியதும் அவன் 'சும்மா'வை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்தான். அவள் அவன் சட்டை நுனியைப் பிடித்தாள். வாய் திறந்து அவள் சொன்னது அதுதான் கடைசி:

"நாலையும் ஒருவாட்டி அமுக்கிப் பாத்துட்டுப் போயேன்."